வண்டிக்கார ஜேபஸும் மாமியார் என்ற குதிரையும்

எங்கள் துறைமுகச் சாலையில் பாரவண்டி ஓட்டுகிறவன் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. ஜேபஸ் ரிம்மர் உள்ளே நுழைந்தால் வாசலுக்கே தெரியாது. நிமிர்ந்து நின்றாலும் அவன் தொப்பி குதிரையின் தோளுக்குக் கீழேதான் இருக்கும். உயரத்தில் பிடித்துக்கொண்டதைக் கடவுள் அவனுக்கு வாயில் கொடுத்துவிட்டார் என்று மற்ற வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. லிவர்பூலில் கப்பல் சங்கு ஊதுவதற்கு முன்பே ஜேபஸின் குரல் கேட்டுவிடும்.

ஆர்ம்ஸ்கர்க் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம் அவனுடையது. பத்தொன்பது வயதில் கிழங்கு வண்டியோடு சந்தைக்கு வந்தவன், வண்டி திரும்பும்போது ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், “கிழங்க எறக்குனேன். கையோட என்னையும் எறக்கிக்கிட்டேன்” என்பான். சில வருடங்கள் கப்பலில் மூட்டை இறக்கினான், சந்தையில் கூடை தூக்கினான். ஆனால் கண் எப்போதும் குதிரைகள் மேல்தான். பழைய ராணி போய் எட்வர்ட் ராஜா முடிசூட்டிக்கொண்ட வருடம், வண்டிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு பர்ட்விசில் என்ற பாரவண்டி முதலாளியின் லாயத்து வாசலில் போய் நின்றான்.

ஆள் வேண்டியிருந்தது உண்மைதான். காரணம் ஒரு பெட்டைக் குதிரை. லாயத்துச் சுவரில் அதன் பெயர் டெய்ஸி என்று எழுதியிருந்தது. யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் அது ‘மாமியார்’. ஒரு வண்டிக்காரனின் விலா எலும்பை உதைத்து முறித்திருந்தது. இன்னொருவன் காது மடலில் ஒரு துண்டைக் கடித்து எடுத்திருந்தது. லாயத்திலேயே பெரிய வண்டிக்காரனான நெட் கார்ஸ்ட், மே மாதக் குதிரை ஊர்வலத்தில் வருடா வருடம் முதல் பரிசான சிவப்பு ரிப்பன் வாங்குகிறவன், ஒரு நாள் அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டான். அதன் பிறகு ஒரு வாரம் அவன் நின்றுகொண்டேதான் வண்டி ஓட்டினான்.

மேஸ்திரி கிராப்பர் ஜேபஸை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“மிச்சப் பாதி எங்கப்பா? உள்ள வரச் சொல்லு.”

“மொத்தமும் வந்தாச்சு மிஸ்டர் கிராப்பர். குதிரையக் காட்டுங்க.”

முற்றத்தில் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நெட் கார்ஸ்ட் உரக்கச் சிரித்தான். “மாமியாருக்கு ஏத்த மருமகன் வந்துட்டான்டா! ஏப்பா, ஒரே வாய்க்குப் பத்த மாட்டியே நீ!”

“உன்னோடத ஏற்கெனவே ருசி பாத்துட்டாளாமே. அது ஒத்துக்கலன்னுதான் வேற ஆள் தேடுறாங்களாம்” என்றான் ஜேபஸ்.

முற்றமே சிரித்தது. நெட் சிரிக்கவில்லை. அன்று தொடங்கியது அவர்கள் பகை. பகை என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒருவர் வாயை ஒருவர் விடாமல் கிளறிக்கொண்டேயிருக்கும் ஒரு பழக்கம்.

ஜேபஸ் சாட்டையைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மாமியாரின் கொட்டடிக்குள்ளேயே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரொட்டியும் வெங்காயமும் தின்றான். முதல் நாள் தொப்பியைப் பறித்து மென்றது. அடுத்த நாள் தோளைக் கடித்தது. அவன் திரும்பி அதன் காதைக் கடித்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான், பல்லைக் காட்டுவான். எதுவாக இருந்தாலும், கொஞ்ச நாளில் குதிரை அவன் வெங்காயத்துக்காகக் காத்து நிற்க ஆரம்பித்தது. அதன் இடது விலாவில் எப்போதோ யாரோ அடித்த பழைய தழும்புகள் இருந்தன. ஜேபஸ் வலது பக்கமாகவே வருவான், வரும்போதே பேசிக்கொண்டு வருவான். “டெய்ஸி, நான்தான்டி. வேற யாரு இந்த மூஞ்சியப் பாக்க வரப்போறான்?” அந்த லாயத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

நெல் என்ற பெண்ணை அவன் கண்ணில் காட்டியதும் அந்தக் குதிரைதான்.

நெல் காஸ்டிகன் சாக்குத் தைக்கிறவள். கிடங்கிலே கோணி ஊசியோடு காலையிலிருந்து மாலை வரை கிழிந்த மூட்டைகளைத் தைத்துத் தைத்து, கை இரண்டும் சணல் மாதிரி ஆகியிருக்கும். சால்வையும் கோணித்துணி மேலங்கியுமாக அந்தச் சாக்குக்காரிகள் கூட்டமாக நடந்து வந்தால் போலீஸ்காரனே ஒதுங்கி வழிவிடுவான், அவர்கள் வாய்க்குப் பயந்து. ஒரு மதியம் கிடங்கு வாசலில் நின்ற மாமியார், நெல்லின் சால்வைக்குள்ளிருந்த ரொட்டியை இழுத்துத் தின்றுவிட்டது. நெல் திரும்பினாள். குதிரையின் மூக்கிலே பளீரென்று ஒன்று வைத்தாள்.

தெருவே மூச்சைப் பிடித்தது. மாமியார் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, வாயில் பாதி ரொட்டியோடு, ஆடாமல் நின்றது.

“அய்யோ, அவள அடிக்காதே! கடிச்சிருவா!” என்று ஓடி வந்தான் ஜேபஸ்.

“கடிக்கட்டும். எனக்கும் பல்லு இருக்கு. இது உன் குதிரையா? இல்ல, நீ அதோட ஆளா?”

“நான் அதோட ஆளுதான்” என்றான் ஜேபஸ். மறுநாள் ஒரு முழு ரொட்டியும், பொட்டலத்தில் வறுத்த மீனும் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கும் மறுநாள் கொடுத்தான். சாக்குக்காரிகள் கிண்டல் செய்தே அவனை ஒரு வழி பண்ணினார்கள். “ஏ நெல்லு, உன் கையிடுக்குல வச்சுத் தைச்சுக்கலாம்டி அவன!”

நெல்லின் வீடு ஐரிஷ் கத்தோலிக்க வீடு. ஜேபஸோ புராட்டஸ்டண்டு, மெதடிஸ்ட் சபைக்காரன். எங்கள் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான் அகலம், ஆனால் அந்தத் தெருவில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. நெல்லின் அண்ணன்மார் கல்யாணத்துக்கு வரவில்லை. மாமியார் வந்தது. ஜேபஸ் அதற்குக் காதில் வெள்ளை ரிப்பன் கட்டி வாசலில் நிறுத்தியிருந்தான். “என் பக்கத்துச் சொந்தம்னு யாராவது வரணுமில்ல” என்று பாதிரியாரிடமே சொன்னான்.

குடித்தனம் ஒரு முற்றத்து வீட்டில். சுற்றிலும் குடும்பங்கள், நடுவில் ஒரே குழாய். விடிவதற்கு முன்பே எழுந்து லாயத்துக்குப் போய்த் தீனி வைத்துத் தேய்த்து, சேணம் பூட்டி, பொதி ஏற்றி, சாலையில் வண்டி வரிசையில் நின்று, இறக்கி, மறுபடி ஏற்றி என்று போகும் நாள். ஞாயிற்றுக்கிழமையும் குதிரைக்கு வயிறு உண்டு, அதனால் ஞாயிறும் லாயம் உண்டு. அந்த ஒரு நாள் மட்டும் நெல் உப்பு மீன் வேகவைத்து, அவன் வரும் வரை அடுப்போரத்தில் மூடி வைத்திருப்பாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே வாரம் முழுவதும் டெய்ஸி என்ன செய்தாள் என்று சொல்லுவான். அவள் பித்தளைப் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

அந்தப் பதக்கங்கள்தான் அவர்கள் சொத்து. குதிரையின் நெஞ்சிலும் நெற்றியிலும் தொங்கவிடுகிற பித்தளை வட்டங்கள். சூரியன், பிறை, நங்கூரம் என்று ஒவ்வொன்றும் ஒரு உருவம். முதலாளி கொடுப்பது வேலைக்கான சேணம் மட்டும். அலங்காரம் எல்லாம் வண்டிக்காரன் கைக்காசு. மே மாதம் முதல் தேதி நகரத்து வேலைக் குதிரைகள் எல்லாம் ஊர்வலமாகப் போகும், செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கு முன்னால் நடுவர்கள் பார்ப்பார்கள். வருடம் முழுக்கச் சகதியில் நிற்கிற மனிதர்களுக்கு அந்த ஒரு நாள்.

ஐந்தாறு வருடத்தில் மாமியார் சாலையிலேயே பார்க்கத்தக்க குதிரையாகிவிட்டது. கருங்கபில நிறம், தூண் மாதிரிக் கால்கள், குளம்பின் மேல் வெள்ளை மயிர். ஒரு குளிர்கால மாலை மதுக்கடையில் எல்லோர் முன்னிலும் ஜேபஸ் வாயைத் திறந்தான்.

“இந்த மே மாசம் செவப்பு ரிப்பன் எங்க டெய்ஸி காதுல. நெட்டு, உன் குதிரை ஜோடிக்கு இப்பவே சொல்லி வச்சிரு. அழாம இருக்கட்டும்.”

“ரிப்பன் கெடச்சா அத எப்படிய்யா காதுல கட்டுவே? ஏணி கொண்டு வருவியா?” என்றான் நெட்.

சொல்லியாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது. ஜேபஸும் நெல்லும் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காகிதப் பூ செய்தார்கள்.

பிப்ரவரியில்தான் அது நடந்தது. உறைபனி விழுந்து, அதன் மேல் தூறல் விழுந்து, கருங்கல் பாவிய தெருக்கள் கண்ணாடியாக இருந்த ஒரு நாள். துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் பிராஸ்பெக்ட் தெருவில் பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டியோடு ஜேபஸ் ஏறிக்கொண்டிருந்தான். டெய்ஸியின் தலைக்குப் பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்தான். அவனுக்கு முன்னால், மேட்டின் உச்சியருகே, வேறொரு லாயத்து வண்டி சர்க்கரை மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தது. மேடு ஏற்ற ஒத்தாசைக்காக அதற்கு முன்னால் சங்கிலியில் இன்னொரு குதிரையும் கட்டியிருந்தார்கள்.

சங்கிலி அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். வண்டிக் குதிரை ஒற்றையாக அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் சறுக்கியது, பின்னங்காலில் உட்கார்ந்தது, வண்டி அதையும் இழுத்துக்கொண்டு பின்னோக்கி இறங்க ஆரம்பித்தது. வண்டிக்காரன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டான். கட்டை தெறித்துப் பறந்தது.

தெருவின் அடியில் மீன்காரிகள் கூடைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம் வேறு. பிள்ளைகள் கூட்டமாகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஜேபஸுக்கு இடது பக்கம் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்திருந்தால் அவனும் குதிரையும் தப்பியிருப்பார்கள், அந்த வண்டி நேராகக் கீழே போயிருக்கும். அவன் சந்தைப் பார்த்தான் என்பதை அவனே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னான். பார்த்துவிட்டு, டெய்ஸியின் தலையை எதிர்ப்பக்கம் இழுத்தான்.

“வா கண்ணு. வா. குறுக்க வா!”

குதிரை திரும்பியது. பஞ்சு வண்டி தெருவுக்குக் குறுக்கே மதில் போல நின்றது. சர்க்கரை வண்டி வந்து அதன் விலாவில் மோதியது. மோதின வேகத்தில் பஞ்சு வண்டியே கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஏர்க்கால்களுக்கு நடுவில் இருந்த டெய்ஸி இரண்டு முழங்காலும் கருங்கல்லில் படார் என்று பட விழுந்தது. அது அப்படியே கிடந்திருந்தால் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு நேராகியிருக்கும், இரண்டு வண்டிகளும் சேர்ந்து கீழே இறங்கியிருக்கும்.

“எந்திரிடி!” என்று ஜேபஸ் கத்தினான். “டெய்ஸி! எந்திரி!”

எழுந்தது. முழங்காலில் தோல் கிழிந்து தொங்க, கழுத்துப்பட்டையில் முழுப் பலத்தையும் கொடுத்து, அந்த இரண்டு பாரத்தையும் எதிர்த்து நின்றது. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் பின்னால் ஒரு அடி வைக்கவில்லை. அங்குமிங்குமிருந்து ஆட்கள் ஓடி வந்து கல்லும் கட்டையும் சக்கரங்களுக்கு அடியில் திணிக்கும் வரை நின்றது. ஒரு மீன்காரி தன் மீன்பெட்டியையே கொண்டுவந்து சக்கரத்தடியில் போட்டாள், மீனோடு.

ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் இல்லை. ஜேபஸுக்கு இடது கைச் சுண்டுவிரல் நசுங்கிப்போயிற்று.

சாக்குக் கிடங்குக்குச் செய்தி போனபோது அது வழக்கம் போல வளர்ந்துவிட்டிருந்தது. “நெல்லு, உன் புருஷன் பிராஸ்பெக்ட் தெருவுல செத்துக் கெடக்கான்” என்று யாரோ சொல்ல, கோணி ஊசியைக் கையில் பிடித்தபடியே அவள் ஓடினாள். போய்ப் பார்த்தால் அவன் தெருவோரத்தில் சகதியில் உட்கார்ந்து, தன் சட்டையைக் கிழித்து, தன் டீ டப்பாவில் இருந்த ஆறின டீயால் குதிரையின் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“நீ செத்துட்டன்னு சொன்னாங்களே!” என்று அவன் தலையில் அடித்தாள்.

“நான் இல்ல நெல்லு. பாரு, இவளப் பாரு” என்றான். நெல் பார்த்தாள். பிறகு சால்வையைக் கழற்றி இரண்டாகக் கிழித்து, அந்த இரண்டு காலுக்கும் தானே கட்டுப் போட்டாள். கடிக்கிற குதிரை அவள் தலைமயிரில் மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

ஏப்ரலுக்குள் புண் ஆறியது. டெய்ஸி பழையபடி வேலைக்கு வந்தது, நொண்டவும் இல்லை. ஆனால் இரண்டு முழங்காலிலும் கையகலம் மயிர் முளைக்காத வழுக்கைத் தழும்பு. குதிரை வியாபாரத்தில் அதைவிடக் கெட்ட அடையாளம் கிடையாது. முழங்காலில் தழும்பு என்றால் தடுக்கி விழுகிற குதிரை என்றுதான் பார்த்தவன் எவனும் நினைப்பான்.

ஒரு காலை, எல்லோரும் சேணம் பூட்டிக்கொண்டிருக்கும்போது, மேஸ்திரி கிராப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“ஜேபஸ், மொதலாளி சொல்லச் சொன்னார். இந்த வருஷம் ஊர்வலத்துக்கு உன் குதிரை வேணாம்.”

“ஏனாம்?”

“முட்டியப் பாருப்பா. வண்டியில அவர் பேரு எழுதியிருக்கு. பாக்கறவன், பர்ட்விசில் விழற குதிரைய வச்சிருக்கான்னு சொல்லுவானில்ல? உன் மேல அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நீ நல்ல காரியம் பண்ணினன்னுதான் சொன்னார்.”

லாயத்தில் எல்லோரும் ஜேபஸின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவன் குதிரையின் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே இறுக்கியிருந்த வாரை மறுபடி இறுக்கினான்.

நெல் பேசினாள். மதியம் சாக்குக் கட்டோடு லாயத்துக்கு வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் கட்டைக் கீழே போட்டாள்.

“முட்டி தெரியறதுதான் மொதலாளிக்குக் கூச்சமா மிஸ்டர் கிராப்பர்? நான் வேணா குதிரைக்குப் பாவாடை தைச்சுக் குடுக்கவா? சாக்கு நெறைய இருக்கு. அவருக்கும் ஒண்ணு தைக்கறேன், மூஞ்சிய மூடிக்க.”

“நெல்லு, நான் சொல்லச் சொன்னதச் சொல்றவன்மா...”

“அப்ப நான் சொல்றதையும் போய்ச் சொல்லுங்க.”

அப்போதுதான் நெட் கார்ஸ்ட் வாளியைக் கீழே வைத்தான். ஆறு வருடமாக ஜேபஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன் அவன். சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டான்.

“மிஸ்டர் கிராப்பர், சொல்ல மறந்துட்டேன். என் ஜோடிக்கு மே மாசம் மொதத் தேதி வயித்து வலி.”

“என்னது? இன்னும் நாள் கெடக்கே நெட்டு!”

“ஆமா. வரும். ரெண்டுக்கும் வரும். ரொம்ப மோசமா வரும்போல இருக்கு.”

பக்கத்துக் கொட்டடிக்காரன் தன் குதிரைக்கு அன்று பல் வலி என்றான். அடுத்தவன் குதிரைக்கு இருமல். இன்னொருவன் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் குதிரைக்கு அன்று மனசு சரியில்லை என்றான். முற்றம் முழுக்க ஒரு குதிரைகூட மிஞ்சவில்லை. கிராப்பர் தலையைச் சொறிந்துகொண்டு முதலாளியின் மாடி அறைக்கு ஏறினார். அவர் முதுகு சிரிப்பில் குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

பர்ட்விசில் கெட்ட மனிதர் அல்ல, பெயருக்குப் பயந்தவர். ஊர்வலத்தில் தன் பெயர் எழுதிய வண்டி ஒன்றுகூட இல்லையென்றால் மற்ற கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. வரலாம், ஆனால் வரிசையின் கடைசியில்.

“கடைசிலயா?” என்று ஜேபஸ் சிலிர்த்தான். வாய் திரும்பியிருந்தது. “நல்லதுதான். எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியா நல்லதப் பாப்பாங்க.”

“உன் வாய்க்காகத்தான் நான் பேசுனேன்னு நெனச்சிராத” என்றான் நெட். “மாமியாருக்காகப் பேசுனேன். என்ன இருந்தாலும் எனக்கும் அவளுக்கும் ஒரு பழைய பழக்கம்.” சொல்லிவிட்டுத் தன் பின்புறத்தைத் தடவிக்கொண்டான்.

மே மாதம் முதல் தேதி. நெல் பிடரி மயிரில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் கோத்துப் பின்னினாள், வாலில் காகிதப் பூக்கள் வைத்துக் கட்டினாள். சூரியனும் பிறையும் நங்கூரமும் நெஞ்சிலே பளபளத்தன. குளம்புக்கு எண்ணெய், லாடத்துக்கு மெருகு. எல்லாம் முடிந்த பிறகு ஒருவன் ஒரு டப்பா கரிமையோடு வந்தான்.

“முட்டில இதக் கொஞ்சம் பூசு ஜேபஸ். பத்தடி தள்ளி நின்னாத் தெரியவே தெரியாது. சந்தைல எல்லாரும் பண்றதுதான்.”

ஜேபஸ் டப்பாவை வாங்கி மூடித் திருப்பிக் கொடுத்தான். “விக்கறவன் பூசுவான். நான் விக்க வரலியே” என்றான்.

ஜேபஸுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத் துணி. நெல்லுக்குக் கடன் வாங்கின தொப்பி. சாக்குக்காரி எந்த நாளும் தொப்பி வைக்க மாட்டாள், சால்வைதான். ஆனால் அவள் வண்டியில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஊரே பார்க்கிற நாளில் தலை நிமிர்ந்து உட்கார ஒரு தொப்பி வேண்டும் என்றாள்.

மண்டபத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வெள்ளை மீசைக்காரரான ஒரு குதிரை வைத்தியர் நடுவர்களில் பெரியவர். பர்ட்விசில் லாயத்து வண்டிகளின் கடைசிக்கு வந்ததும் அவர் நின்றார். பல்லைப் பார்த்தார், மாமியார் அவர் கையைக் கடிக்காமல் விட்டது. தோளைத் தட்டினார். குனிந்து முழங்காலைத் தொட்டார்.

“விழுந்ததா?”

“விழுந்தா சார்.”

“எங்கே?”

“பிராஸ்பெக்ட் தெரு மேட்டுல. பிப்ரவரில.”

நடுவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “சர்க்கரை வண்டி... அந்தக் குதிரையா?”

“அந்தக் குதிரைதான் சார். விழுந்தா, எந்திரிச்சா. எந்திரிச்சதுக்கு அங்க சாட்சி நெறைய இருக்கு. எல்லாம் பள்ளிக்கூடம் போய்ட்டிருக்குதுங்க.”

பெரியவர் மறுபடி குனிந்து அந்த முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “காலில் தழும்பு இருந்தால் சிவப்பு கொடுக்க விதி இடம் தராது” என்றார். நீல ரிப்பனை எடுத்துத் தன் கையாலேயே குதிரையின் காதோரம் கட்டினார்.

நீலம் என்றால் இரண்டாம் பரிசு. வேறொருவன் என்றால் கண் கலங்கி நன்றி சொல்லியிருப்பான். ஜேபஸுக்குக் கோபம் வந்தது. “இரண்டாவதா? அப்ப மொதலாவது எங்க இருக்கு, காட்டுங்க” என்று ஆரம்பித்தான். நெல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சிவப்பு வழக்கம் போல நெட் கார்ஸ்டின் ஜோடிக்குப் போயிற்று.

“நீலமே உன் உசரத்துக்குப் பெரிசுதான்யா” என்று அவன் முன்னாலிருந்து கத்தினான்.

ஊர்வலம் திரும்பும் வழி பிராஸ்பெக்ட் தெருவின் அடியில். பாண்டு வாத்தியம் முன்னால் போயிற்று, மதுக்கடைக்காரர்களின் பெரிய குதிரை ஜோடிகள் போயின, நெட் போனான். கடைசியில் டெய்ஸி வந்தபோது மீன்காரிகள் கூடையை விட்டு எழுந்தார்கள். யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. தெருவில் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்கள், பின்னால் பிள்ளைகளோடு தாய்மார்கள்.

“எங்கடி மாமியார்? வழி விடுங்கடி, நான் பாக்கணும்!”

தடித்த ஒரு மீன்காரி, அன்றைக்கு மீன்பெட்டியைச் சக்கரத்தடியில் போட்டவள், குதிரைக்கு முன்னால் சேற்றிலேயே குனிந்து அந்த இரண்டு முழங்காலையும் தன் மேலங்கியால் துடைத்தாள். பதக்கத்தைத் துடைக்கிற மாதிரி. ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக் குதிரையின் கழுத்தைத் தொட வைத்தாள். இன்னொருத்தி தொட்டாள். கை கையாக நீண்டது. யாரையும் அண்டவிடாத குதிரை, எத்தனை கை பட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. முன்னால் போன நெட் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அவனைப் பார்த்து வரிசை முழுக்கக் கழற்றியது.

பின்னால் கம்பெனி முதலாளிகளின் கோச்சு வண்டிகள் நின்றுவிட்டன. பர்ட்விசில் எட்டிப் பார்த்து, என்ன தாமதம் என்று கேட்டார். “உங்க குதிரைதான் சார், அதத்தான் பாக்கறாங்க” என்று யாரோ சொன்னார்கள். அவர் இறங்கி நின்றார். அவர் பெயர் அந்த வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. எல்லோரும் அதையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெல் கடன் வாங்கின தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, இன்னொரு கையை ஜேபஸ் பிடித்திருந்தான், நசுங்கின விரலோடு.

“எதாவது பேசேன்” என்றாள்.

“பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றான் ஜேபஸ்.

அதற்குப் பிறகு பல வருடம் அவன் அந்தச் சாலையில் ஓட்டினான். பேசறதுக்கு ஒன்றுமில்லை என்று அவன் சொன்னது அந்த ஒரு நாள்தான். மறுநாள் காலையிலேயே காகிதப் பூவை உதறிவிட்டு சர்க்கரைப் பாரம் ஏற்றினான், பிராஸ்பெக்ட் தெருவில் ஏறினான். நெட் சிவப்பைப் பற்றி ஒன்று சொல்ல, இவன் நீலத்தைப் பற்றி இரண்டு சொல்ல, அது ஓயவே இல்லை. சாலைக்குப் புதிதாக வந்த எவனாவது விவரம் தெரியாமல், “என்னப்பா, உன் குதிரை முட்டி போட்டு விழுற குதிரையா?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஜேபஸ் நட்டநடுச் சாலையில் வண்டியை நிறுத்துவான். இறங்குவான். பின்னால் வண்டிகள் துறைமுக வாசல் வரைக்கும் தேங்கும், வண்டிக்காரர்கள் கத்துவார்கள், போலீஸ்காரன் ஓடி வருவான். கேட்டவன் முழுக்கதையையும், சங்கிலி அறுந்த சத்தத்திலிருந்து, கேட்டு முடிக்கும் வரை சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றாது. பின்னால் தேங்கி நிற்கிறவர்களில் பழைய ஆட்கள் இருந்தால், இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்துக்கொள்வார்கள்.